“மஞ்சள்தானே, என்ன செய்யப்போகுது?”

போன வருசம் பெரியம்மாவுக்குக் கனடாவில் இருக்கிற மகளிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. சவர்க்காரம், சொக்லேட், முழங்காலுக்குப் பூசுகிற களிம்பு, அதோட ஒரு வெள்ளைப் போத்தல். போத்தலில் மஞ்சள் கிழங்கின் படம். உள்ளே 60 குளிசைகள். ‘நானோ குர்குமின்’ என்றும், சாதாரண மஞ்சளைவிட நூறு மடங்குக்கு மேல் உடம்பில் சேரும் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டியது நான். “மூட்டு நோவுக்கு நல்லதாம் பெரியம்மா” என்று சொன்னதும் நான்தான். இதை எழுத அதுவும் ஒரு காரணம்.

பெரியம்மாவுக்கு இருதய வால்வு மாற்றி ஒன்பது வருசம். அன்றிலிருந்து வோபரின் குளிசை போடுகிறா. இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிற மருந்து அது. கூடினால் இரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் இரத்தக்கட்டி. அதனால் மாதாமாதம் கிளினிக்கில் ஐ.என்.ஆர் என்ற பரிசோதனை செய்வார்கள். அவவுக்கு அது 2.5 இற்கும் 3.5 இற்கும் இடையில் நிற்க வேண்டும். வருசக்கணக்காக அப்படித்தான் நின்றது.

போத்தல் திறந்து ஒன்றரை மாதத்தில், பல் விளக்கும்போது முரசிலிருந்து இரத்தம் வரத் தொடங்கியது. கிளினிக்கில் பார்த்தால் ஐ.என்.ஆர் 6ஐத் தாண்டியிருந்தது. “புதுசா ஏதும் மருந்து எடுக்கிறீங்களா அம்மா?” என்று டொக்டர் கேட்டார். பெரியம்மா “இல்லை” என்றா. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் போத்தல் ஞாபகம் வந்தது. நான் அதைச் சொல்ல, பெரியம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

“அது மருந்தில்லையே பிள்ளை. மஞ்சள்தானே, என்ன செய்யப்போகுது?”

டொக்டர் கோபிக்கவில்லை. “அதுதான் காரணம் எண்டு நான் அடிச்சுச் சொல்ல மாட்டன். ஆனா அதை நிப்பாட்டுங்கோ” என்றார். வோபரினையும் இரண்டு நாள் நிறுத்தச் சொன்னார். இரண்டு வாரத்தில் ஐ.என்.ஆர் பழைய இடத்துக்கு இறங்கியது. எதனால் இறங்கியது என்று எனக்கும் அடித்துச் சொல்ல ஏலாது. ஆனால் பெரியம்மா கேட்ட அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நூறு மடங்கு வேலை செய்யும் என்று நம்பித்தான் அந்தக் குளிசையைப் போட்டம். அதே நேரம் ஒன்றும் செய்யாது என்றும் நம்பினம். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

நான் கம்பஸில் உணவு விஞ்ஞானம் படித்தவன். கடைசி வருட ஆய்வுக்கு மஞ்சள் சாற்றை மோல்ரோடெக்ஸ்றினில் உறையிட்டுத் தூளாக்குகிற வேலைதான் செய்தேன். உறையிடல் என்கிற அந்த நுட்பத்தில் எனக்கு இன்றைக்கும் விருப்பம் உண்டு. எனவே இது அதற்கு எதிரான கட்டுரை இல்லை. அது எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்று பிரித்துப் பார்க்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்ப்பம். மஞ்சள் தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் குர்குமின் இருக்கிறது. மஞ்சளுக்கு நிறம் கொடுப்பது அதுதான். 1815 இலேயே அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆனால் சாப்பிட்டால் அது இரத்தத்துக்குப் போய்ச் சேருவது பெரும் கஷ்டம். முதலாவது, அது தண்ணீரில் கரையாது. இரண்டாவது, நிலைத்து நிற்காது. உடம்புச் சூட்டில், நடுநிலையான ஒரு கரைசலில் விட்டால் அரை மணித்தியாலத்துக்குள் 90 வீதம் அளவுக்குச் சிதைந்துவிடும். மூன்றாவது, இவ்வளவும் தாண்டிக் குடல் சுவருக்குள் நுழைந்தால், குடலும் ஈரலும் அதை உடனே பிடித்து, வேறு மூலக்கூறுகளை அதோடு ஒட்டி, வெளியே அனுப்பக்கூடிய வடிவத்துக்கு மாற்றிவிடும். வேண்டாத விருந்தாளியை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்புகிற மாதிரி.

1998 இல் பெங்களூரில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆட்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்து இரத்தத்தில் தேடினார்கள். கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. அதோட மிளகில் இருக்கிற பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது அளவு 20 மடங்கு கூடியது. இன்றைக்கு விற்கிற குர்குமின் குளிசைகள் பலவற்றில் மிளகுச் சாறு என்று எழுதியிருக்கக் கண்டால், அதன் ஊற்று இந்த ஆய்வுதான்.

மிளகு செய்வது வாசல்காரனை மயக்குகிற வேலை. உறையிடல் செய்வது வேறு. மாரி காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை கொப்பியைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு போகுமே, அதுதான். கரையாத, சிதைந்துபோகிற பொருளை ஒரு உறைக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. உறை பல வகை. சோயாவில் இருந்து எடுக்கிற லெசிதின் கொழுப்பால் சுற்றலாம். எங்கட உயிர்க்கலங்களின் சுவர் மாதிரியே இருக்கிற லிப்பசோம் என்ற நுண்குமிழுக்குள் வைக்கலாம். மாப்பொருளில் இருந்து செய்கிற சைக்ளோடெக்ஸ்றின் என்ற வளையம் இருக்கிறது. அதன் வெளிப்பக்கம் தண்ணீரோடு சேரும், உட்பக்கம் கொழுப்பை விரும்பும். அந்த உட்பக்கத்தில் குர்குமினை இருத்தலாம். பாலில் இருக்கிற கேசீன் புரதத்திலும் ஒட்டவைக்கலாம். நான் செய்த மாதிரி மோல்ரோடெக்ஸ்றினோடு கலந்து, சூடான காற்றில் விசிறிக் காயவைத்துத் தூளாக்கலாம்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. எங்கட வீட்டுச் சொதியை எடுங்கோ. தேங்காய்ப்பால் என்பதே தண்ணீருக்குள் கொழுப்புத் துளிகள் மிதக்கிற ஒரு கலவை. ஒவ்வொரு துளியையும் தேங்காயின் புரதம் சுற்றி நின்று ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. அதற்குள் மஞ்சள் போட்டால் குர்குமின் தண்ணீரை விட்டுக் கொழுப்புக்குள் போய்விடும். சொதி அழகான மஞ்சளாக இருப்பதும், கரண்டியை வெறும் தண்ணீரில் கழுவினால் கறை போகாததும் அதனால்தான்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பயம். இதை வாசித்துவிட்டு “முன்னோர்கள் நானோ தொழில்நுட்பத்தை அறிந்திருந்தார்கள்” என்று யாராவது ஒரு படத்தில் எழுதி வட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். சொதியில் மஞ்சள் போட்டது நிறத்துக்கும் மணத்துக்கும், பால் சேர்த்தது ருசிக்கும். அந்த ருசியை உண்டாக்கின எங்கட ஆச்சிமாரின் கைப்பக்குவத்துக்கு நானோ என்கிற பட்டம் தேவையில்லை. அதோட, கால் தேக்கரண்டி மஞ்சளில் 20, 25 மில்லிகிராம் குர்குமின்தான் இருக்கும். அதையும் முழுக் குடும்பமும் பங்குபோட்டுத்தான் சாப்பிடுகிறது. போத்தலில் இருந்த ஒவ்வொரு குளிசையிலும் எழுதியிருந்தது 500 மில்லிகிராம். சொதியைக் காட்டிக் குளிசையை நியாயப்படுத்த ஏலாது.

இனி அந்த ‘மடங்கு’ கணக்குக்கு வருவம். நூறு மடங்கு என்றவுடன் நூறு மடங்கு நன்மை என்று மனம் தானாகவே மொழிபெயர்த்துவிடுகிறது. நானும் அப்படித்தான் பெரியம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். உண்மையில் அது எதன் நூறு மடங்கு? கிட்டத்தட்டப் பூச்சியமாக இருந்ததின் நூறு மடங்கு. ஒரு ரூபாய் நூறு மடங்கானால் நூறு ரூபாய். அதை வைத்து இன்றைக்கு ஒரு பிளேன்டீ குடிக்கலாம், வீடு கட்ட ஏலாது.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பல ஆய்வுகளில் இரத்தத்தை எடுத்து, அதில் ஒரு நொதியைச் சேர்த்து, உடம்பு ஒட்டிவிட்ட பகுதிகளைக் கழற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் குர்குமினை அளக்கிறார்கள். அதாவது உடம்பு ஏற்கெனவே பிடித்து வெளியே அனுப்ப ஆயத்தப்படுத்தின குர்குமினும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சுதந்திரமாகத் திரிகிற குர்குமின் எவ்வளவு என்று தனியாகப் பார்த்தால் தொகை மிகவும் சிறுத்துவிடும். போத்தலில் இருக்கிற இலக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது எதை அளந்த இலக்கம் என்று போத்தல் சொல்வதில்லை.

சரி, இரத்தத்துக்குள் நன்றாகவே போய்ச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வம். அங்கே போய் அது என்ன செய்கிறது? இதுதான் முக்கியமான கேள்வி. விளம்பரங்கள் தாண்டிப் போகிற கேள்வியும் இதுதான்.

குர்குமின் புற்றுநோயை அழிக்கிறது, அல்சைமரைத் தடுக்கிறது, நீரிழிவைக் குறைக்கிறது என்று ஆயிரக்கணக்கான ஆய்வுக்கட்டுரைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை சோதனைக்குழாயிலும் எலிகளிலும் செய்தவை. 2017 இல் அமெரிக்க மருத்துவ இரசாயனவியலாளர்கள் சிலர் இதையெல்லாம் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். சோதனைக்குழாயை ஏமாற்றக்கூடிய பொருள்களில் குர்குமினும் ஒன்று என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அது தானே ஒளிரும். கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும். கலச்சுவரைக் குழப்பும். சிதையும்போது வேறு பொருள்களாக மாறும். அதனால் எந்தச் சோதனை செய்தாலும் ‘வேலை செய்கிறது’ என்ற விடை வரக்கூடும். மனிதர்களில் நடந்த பரிசோதனைகள் 120 இற்கு மேல் இருந்தும், நன்றாகக் கட்டுப்படுத்தப்பட்ட ஒன்றுகூடத் தெளிவான வெற்றியைத் தரவில்லை என்பதுதான் அவர்களின் முடிவு.

“உறையிடாமல் கொடுத்தால் அப்படித்தான்” என்று சொல்லலாம். நியாயமான வாதம். அதையும் சோதித்திருக்கிறார்கள். கனடாவில் நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள 500 இற்கும் மேற்பட்டவர்களில், ஒரு பகுதியினருக்கு நுண்துகளாக்கிய, நன்றாக உறிஞ்சப்படக்கூடிய குர்குமினையும், மற்றவர்களுக்கு வெறும் குளிசையையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். சிறுநீரில் புரதம் போவது குறையவில்லை. சிறுநீரகம் வடிக்கிற வேகமும் மாறவில்லை. வடமத்திய மாகாணத்திலும் வவுனியாப் பக்கத்திலும் சிறுநீரக நோயால் குடும்பங்கள் படுகிற பாட்டை அறிந்தவர்களுக்கு, இந்த விடை எவ்வளவு பெறுமதியானது என்று விளங்கும். நாளைக்கு யாராவது அவர்களிடம் ‘கிட்னிக்கு நானோ மஞ்சள்’ என்று விற்க வந்தால், எடுத்துக் காட்ட இது இருக்கிறது.

நல்ல செய்திகளையும் மறைக்கக்கூடாது. 2020 இல் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் முழங்கால் தேய்வு உள்ள 70 பேரில் செய்த ஆய்வில், மஞ்சள் சாறு எடுத்தவர்களுக்கு நோவு ஓரளவு குறைந்தது. மூட்டுக்குள் இருந்த நீர் வீக்கம் குறையவில்லை. சின்ன ஆய்வு, சின்ன நன்மை, ஆனால் நன்மைதான். 2023 இல் தாய்லாந்தில் வயிற்று எரிவும் செமியாக்குணமும் உள்ளவர்களுக்கு மஞ்சளையும் ஒமெப்பிரசோலையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஆறுதலைக் கொடுத்தன. வெறும் குளிசையோடு ஒப்பிடாதது அந்த ஆய்வின் குறை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ: அங்கே கொடுத்தது நானோ அல்ல, சாதாரண மஞ்சள். நோய் வயிற்றில் இருந்தால் மருந்து இரத்தத்துக்குப் போகத்தான் வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. எல்லாவற்றுக்கும் ‘கூட உறிஞ்சப்படும்’ என்பது ஒரு தகுதியே அல்ல.

அப்படியென்றால் உறையிடலால் ஒரு பிரயோசனமும் இல்லையா? நிறைய இருக்கு. இதை வாசிக்கிற உங்களில் கனபேரின் உடம்பிலேயே அது போயிருக்கிறது. கொரோனா காலத்தில் பள்ளிக்கூடத்தில் வைத்துப் போட்ட, அல்லது மூன்றாவது ஊசியாகப் போட்ட பைசர் தடுப்பூசி ஞாபகம் இருக்கா? அதில் இருந்த எம்.ஆர்.என்.ஏ வெறுமனே ஏற்றினால் சற்று நேரத்தில் சிதைந்துவிடும். கொழுப்பாலான நானோ உறைக்குள் வைத்ததால்தான் அது கலத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

தாவரப் பொருளிலேயே உதாரணம் வேண்டுமென்றால் பக்லிற்றக்சல் இருக்கிறது. பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் இருந்து கண்டெடுத்த புற்றுநோய் மருந்து. அதுவும் குர்குமின் மாதிரித் தண்ணீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயில் இருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்துதான் ஏற்றினார்கள். அந்தக் கரைப்பானே சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கொடுத்தது. பிறகு அதை அல்புமின் என்ற இரத்தப் புரதத்தோடு நானோ துகளாகச் சேர்த்தார்கள். பழையதையும் புதியதையும் நோயாளிகளில் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். புதியதில் கட்டி சுருங்கினவர்கள் கூட. 2005 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதில் வரிசையைப் பாருங்கோ. முதலில் மருந்து வேலை செய்கிறது என்று நிறுவினார்கள். அதன் பிறகுதான் உறையைத் தேடினார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் எங்கட முற்றத்தில் நிற்கிறது. பட்டிப்பூ, நித்தியகல்யாணி என்று சொல்லுகிற அந்தச் செடியில் இருந்துதான் வின்கிறிஸ்ரின் என்ற மருந்து வந்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் பயன்படுகிற மருந்து. அதை லிப்பசோமுக்குள் வைத்து ஒரு புதிய வடிவம் செய்தார்கள். 2012 இல் விரைவு அனுமதி கொடுத்தார்கள், பயனை மேலும் ஆய்வு செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. உறுதிப்படுத்த முடியவில்லை. 2022 இல் அனுமதியை மீளப்பெற்றார்கள். பழைய வின்கிறிஸ்ரின் இன்றும் இருக்கிறது, உறையிட்டது இல்லை. நிறுவப்பட்ட ஒரு மருந்துக்கே, உறை மாறினால் திரும்பவும் சாட்சி கேட்கிறார்கள் என்றால், இன்னும் நிறுவப்படாத ஒன்றுக்கு உறையைப் போட்டு நேரே கடைக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

இனிப் பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். என்ன செய்யப்போகுது?

உடம்பு குர்குமினை வாசலில் மறிப்பதை ஒரு குறை என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். காலங்காலமாக நாங்கள் பயமில்லாமல் மஞ்சள் சாப்பிட்டதற்கு அந்த மறிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று யாரும் எழுதுவதில்லை. அந்தக் கதவைத் திறந்துவிட்டால், பழைய அனுபவத்தைச் சாட்சிக்குக் கூப்பிட ஏலாது. மிளகுச் சாறு அடைக்கிற அந்த வழியாலதான் வேறு பல மருந்துகளும் உடம்பை விட்டு வெளியேறுகின்றன. வழியை அடைத்தால் அவையும் உள்ளே தேங்கும்.

இத்தாலியில் 2019 இல் மஞ்சள் குளிசைகள் எடுத்த சுமார் இருபது பேருக்கு ஈரல் அழற்சி வந்ததாகப் பதிவானது. போத்தலில் எச்சரிக்கை போட வேண்டும் என்று அந்த நாட்டுச் சுகாதார அமைச்சு கட்டளையிட்டது. அமெரிக்காவில் மஞ்சள் குளிசையால் வந்த ஈரல் பாதிப்புகள் பத்தை மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்து 2022 இல் வெளியிட்டார்கள். ஒருவர் இறந்துபோனார். பத்துப் பேரில் ஏழு பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. அதாவது எல்லாருக்கும் வராது. யாருக்கு வரும் என்று போத்தலைப் பார்த்துச் சொல்லவும் ஏலாது. அவுஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023 இல் இதேபோல எச்சரித்தது. வோபரின் விசயத்தில், 2018 இல் நியூசிலாந்தின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு ஒரு நோயாளியைப் பற்றி அறிவித்தது. மஞ்சள் குளிசை எடுக்கத் தொடங்கிச் சில வாரங்களில் அவரின் ஐ.என்.ஆர் 10ஐத் தாண்டியிருந்தது. அதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

பிரான்சின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2022 இல் ஒரு கணக்குச் சொன்னது. 60 கிலோ நிறையுள்ள ஒருவர் குளிசை மூலம் ஒரு நாளைக்கு எடுக்கக்கூடிய குர்குமின் 153 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அதோட இன்னொன்றையும் சொன்னது: உறிஞ்சுதலைக் கூட்டின புதிய வடிவங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஒவ்வொன்றுக்கும் கம்பனிகள் தனித்தனியாகத் தரவு தர வேண்டும். என்னுடைய வாதமும் இதுதான். உறை வெற்றியடைந்தால், உள்ளே இருப்பது இனி உணவல்ல. அது மருந்து. மருந்தை மருந்தாக நடத்த வேண்டும். உறை வெற்றியடையாவிட்டால், அது விலை கூடின மஞ்சள் தூள். இந்த இரண்டில் எது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு விற்கிறவருக்கு.

எங்கட நாட்டில் இது வெறும் விஞ்ஞான விவாதம் இல்லை. மஞ்சளின் விலை என்ன என்று எங்களுக்குத் தெரியும். 2019 கடைசியில் இறக்குமதியை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் கிலோ ஆயிரக்கணக்கில் போனது. மாவைக் கலந்து விற்றார்கள். மன்னார்க் கடலால் மூட்டை மூட்டையாகக் கடத்தி வந்தார்கள். அதே 2020 டிசம்பரில், தேனும் சாதிக்காயும் கலந்த கொரோனாப் பாணி வாங்கக் கேகாலையில் ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள். அதைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டின சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று வந்தது. ‘நானோ’ என்ற சொல்லும் எங்கட கமக்காரருக்குப் புதிதில்லை. 2021 இல் பசளை இல்லாமல் வயல் மஞ்சளடித்த நேரத்தில், விமானத்தில் வந்து இறங்கினதும் ஒரு நானோப் போத்தல்தான். தட்டுப்பாடும் பயமும் வருகிற நேரத்தில்தான் இப்படியான போத்தல்கள் எங்கட வாசலுக்கு வரும்.

மருந்துகளை மட்டுமல்ல, மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட எல்லைப் பொருள்களையும் கண்காணிக்க எங்களிடம் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் இருக்கின்றன. ஆனால் பார்சலில் வருவதும் வட்ஸ்அப் குழுவில் விற்பதும் அந்த வாசலைத் தட்டாமலே வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. சட்டம் வந்து தடுக்கும்வரை, வீட்டில் ஆங்கில எழுத்தை வாசித்துக் காட்டுகிற ஆள் நீங்களும் நானும்தான். அந்த இடத்தில் எங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது.

“இது எங்கட பாரம்பரியத்தைக் கொச்சைப்படுத்துற கதை. வெள்ளைக்காரன் சொன்னால்தான் நம்புவியள்” என்று ஒரு நண்பன் என்னோடு வாதாடினான். அவனுக்கு நான் சொன்னது மஞ்சள் காப்புரிமைக் கதை. 1995 இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு, மஞ்சளால் காயம் ஆற்றுவதற்குக் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் விஞ்ஞான ஆராய்ச்சி மன்றம் அதை எதிர்த்தது. உணர்ச்சியைக் காட்டி அல்ல, பழைய நூல்களையும் வெளிவந்த கட்டுரைகளையும் ஆதாரமாக வைத்து. 1997 இல் அந்தக் காப்புரிமை இரத்தானது. பாரம்பரியத்தைக் காப்பாற்றினது ஆதாரம். அதே பாரம்பரியத்தின் பெயரில் ஒருவர் எங்களுக்குப் போத்தல் விற்க வரும்போது மட்டும் ஆதாரம் கேட்கக்கூடாது என்றால், அது பாரம்பரியத்துக்குச் செய்கிற மரியாதை இல்லை. இன்னொன்று, அந்தப் போத்தலில் இருப்பது எங்கட பாரம்பரியமே இல்லை. எந்த ஆச்சியும் 500 மில்லிகிராம் குர்குமினை லெசிதினில் சுற்றி விழுங்கியதில்லை.

அதனால் இப்போது எங்கட வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறம். வெளிநாட்டிலிருந்தோ வட்ஸ்அப் குழுவிலிருந்தோ எந்தப் போத்தல் வந்தாலும், திறக்க முதல் நாலு கேள்வி. எத்தனை மடங்கு என்பதை விட்டுவிட்டு, எந்த நோய்க்கு, எத்தனை பேரில் சோதித்தார்கள்? சோதித்தது இதே உறையா, வேறு ஏதாவதா? ஏற்கெனவே போடுகிற குளிசைகளோடு இது சண்டை பிடிக்குமா? கிளினிக்கில் காட்டினமா? கடைசிக் கேள்விதான் முக்கியம். உங்கட அம்மா, அப்பா, ஆச்சி யாராவது சீனி வருத்தத்துக்கோ பிறசருக்கோ வலிப்புக்கோ குளிசை போடுகிறார்கள் என்றால், அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு அந்தப் போத்தலையும் பையில் வைத்துவிடுங்கோ. “வேற மருந்து எடுக்கிறீங்களா?” என்று கேட்டால் அவர்கள் “இல்லை” என்றுதான் சொல்லுவார்கள். ஏனென்றால் அவர்களுக்கு அது மருந்தில்லை.

கனடா அக்காவுக்கு நான்தான் அழைப்பு எடுத்து விசயத்தைச் சொன்னேன். அவ அழுதுவிட்டா. “நான் அம்மாவுக்கு நல்லது செய்யத்தானேடா அனுப்பினன்” என்றா. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் இருந்து தாயின் முழங்கால் நோவை நினைக்கிற ஒரு பிள்ளையின் அன்புக்கு அந்தப் போத்தல் விலை போட்டிருந்தது. எனக்குக் கோபம் அதில்தான்.

பெரியம்மாவின் ஐ.என்.ஆர் இப்போது ஒழுங்காக நிற்கிறது. முழங்கால் நோவு அப்படியே இருக்கிறது. கிளினிக்கில் சொல்லிக்கொடுத்த அப்பியாசத்தைக் காலையில் கதிரையில் இருந்து செய்கிறா, செய்யாத நாளில் என்னிடம் பேச்சும் வாங்குகிறா. போன கிழமை சாப்பிடப் போனபோது சொதி வைத்திருந்தா. கோப்பையில் ஊற்றும்போது சிரித்துக்கொண்டு கேட்டா: “இதிலயும் மஞ்சள் போட்டிருக்கு. டொக்டரிட்டக் கேட்டுட்டோ ஊத்துறது?”

ஊத்துங்கோ பெரியம்மா என்றேன்.